லிஸ்ப் ரீடரில் சிம்பல்களின் கேஸ் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டு திருத்தும் முறை

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கான செயலாக்கம் (அம்மொழி நிரல்களை இயக்கும் மென்பொருள்) ஒன்றைப் புதிதாக எழுதுவோரும், ஏற்கெனவே உள்ள ஒன்றைப் பராமரிப்போரும், சிம்பல் (நிரலில் வரும் பெயரைக் குறிக்கும் பொருள்) பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு, அதாவது கேஸ், தொடர்பான பிழைகளை வெகு விரைவிலேயே சந்திக்கிறார்கள். இப்பிழைகள் பிறக்கும் இடம் ஒன்றாகவும் வெளிப்படும் இடம் வேறொன்றாகவும் இருப்பதால்தான் இவற்றைத் தேடுவதில் பொழுது வீணாகிறது. நிரல் உரையைப் படித்துப் பொருளாக்கும் ரீடரில் நேர்ந்த தவறு, நெடுநேரம் கழித்து, "இப்பெயரில் ஃபங்ஷன் இல்லை" என்ற செய்தியாக வரும். பொருளைத் திரும்ப உரையாக எழுதும் பிரின்டரில் உள்ள தவறு, ரீடர் தவறாகப் படித்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். ஆகவே இங்கே பிழைகளை அவற்றின் அறிகுறிகளைக் கொண்டே வகைப்படுத்தியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்றுண்டு. கேஸ் மாற்றம் ரீடருக்கும் பிரின்டருக்கும் மட்டுமே உரிய வேலை. சிம்பல் அட்டவணையைப் பொறுத்தவரை பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் முற்றிலும் வேறு வேறு எழுத்துகள். "காமன் லிஸ்ப் கேஸ் பார்க்காத மொழி" என்று பலரும் சொல்வது வழக்கில் இருந்தாலும், செயலாக்கம் எழுதுபவர் அதை நம்பிவிட்டால் கீழே வரும் பிழைகளில் பாதி அந்த நம்பிக்கையிலிருந்தே முளைக்கும். 1994-ஆம் ஆண்டு அன்சி (அமெரிக்கத் தரநிலை நிறுவனம்) தரநிலைப்படி, ரீடரின் விதிகளை வைத்திருக்கும் ரீட்டேபிளில் உள்ள ரீட்டேபிள்-கேஸ் என்னும் அமைப்புக்கு நான்கு மதிப்புகள் உண்டு: :அப்கேஸ் (பெரியதாக்கு), :டவுன்கேஸ் (சிறியதாக்கு), :பிரிசர்வ் (உள்ளபடி வை), :இன்வர்ட் (திருப்பு). இயல்பான ரீட்டேபிளில் இருப்பது :அப்கேஸ். அதனால் நிரலில் சிறிய எழுத்தில் எழுதிய பெயர், ரீடர் படித்து முடித்தபோது பெரிய எழுத்துகளில் சேமிக்கப்பட்டிருக்கும்.

மற்ற லிஸ்ப் வகைகளில் நிலைமை வேறு. ஈமேக்ஸ் லிஸ்பும் குளோஷரும் எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்கின்றன. ஸ்கீம் மொழியில், அதை வரையறுக்கும் 1998-இன் ஐந்தாம் அறிக்கை கேஸ் வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. 2007-இன் ஆறாம் அறிக்கையும் 2013-இன் ஏழாம் அறிக்கையும் வேறுபாட்டைக் காக்கின்றன. ஏழாம் அறிக்கை, பழைய நிரல்களுக்காக #!ஃபோல்டு-கேஸ் என்ற குறிப்பையும் ஏற்கிறது. இனி வருவன எல்லாம் காமன் லிஸ்பைப் பற்றியவை.

முதல் வேலை: எழுத்தெண்களைப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், திரையில் அச்சாகும் சிம்பலை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அச்சாவது பிரின்டரின் வழியாக வருகிறது. பிரின்டரே சந்தேகத்துக்கு உரியது. சிம்பலின் பெயரைச் சிம்பல்-நேம் கொண்டு ஸ்ட்ரிங்காக எடுத்து, அதன் ஒவ்வொரு எழுத்தையும் சார்-கோட் வழியாக எண்ணாக்கிப் பட்டியலிடுங்கள். பெரிய எழுத்துகள் 65 முதல் 90 வரையும், சிறிய எழுத்துகள் 97 முதல் 122 வரையும் இருக்கும். கார் என்ற ஃபங்ஷனின் பெயர் (67 65 82) என்று வந்தால் அது பெரிய எழுத்து. (99 97 114) என்று வந்தால் சிறிய எழுத்து. எண்கள் கேஸ் அமைப்பு எதற்கும் ஏற்ப உருமாறுவதில்லை. ஆதலால் இக்கட்டுரை முழுவதும் பெயர்களை எண்களாகவே தருகிறேன்.

அதோடு நான்கு மாறிகளின் அப்போதைய நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்: நடப்பு ரீட்டேபிளின் கேஸ், *பிரின்ட்-கேஸ்* (அச்சிடும் கேஸ்), *ரீட்-பேஸ்* (எண்களைப் படிக்கும் அடிமானம்), *பேக்கேஜ்* (சிம்பல்களின் நடப்புத் தொகுப்பு). பிழை அறிவிப்பு ஒன்றில் இந்த நான்கும் எழுத்தெண் பட்டியலும் இருந்தால், காரணத்தை ஊகிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

அறிகுறி: தொடங்கிய உடனேயே உள்ளமைந்த ஃபங்ஷன்கள் எதுவும் கிடைக்கவில்லை

சி மொழியில் எழுதிய செயலாக்கங்களில் இதுவே முதலில் வருவது. உள்ளமைந்த ஃபங்ஷன்களைப் பதிவு செய்யும் அட்டவணையில் பெயர்கள் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அவை (99 97 114) என்று நேரடியாக அட்டவணைக்குள் போகும். பயனர் தட்டச்சு செய்வதை ரீடர் (67 65 82) ஆக்கித் தேடும். இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இங்கே பலர் செய்யும் திருத்தம், அட்டவணையின் ஒப்பீட்டை ஸ்ட்ரிங்-ஈக்வல் போன்ற, கேஸ் பார்க்காத ஒப்பீடாக மாற்றுவது. அறிகுறி உடனே மறைந்துவிடும் என்பதாலேயே இது ஆபத்தானது. அதன் பிறகு |ஃபூ| என்று கோடுகளுக்குள் சிறிய எழுத்தில் எழுதிய சிம்பலும், கோடில்லாமல் எழுதியதும் ஒரே பொருளாகிவிடும். கோடுகளுக்குள் இருப்பதை ரீடர் மாற்றாது என்பதால், தரநிலைப்படி அவை வேறு வேறு சிம்பல்கள். சரியான திருத்தம், பதிவு அட்டவணையில் உள்ள பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதுவதே. அட்டவணை நீளமானது என்றால், பதிவு செய்யும் ஃபங்ஷனுக்குள் ஒரேயொரு முறை பெரிய எழுத்தாக்கலாம். தேடும் பாதையில் கை வைக்கக் கூடாது. நில் (வெறுமை, பொய்), டி (உண்மை) ஆகிய இரண்டையும் ரீடர் தனியாகச் சோதித்துப் பிடிக்கும் குறுக்குவழி எங்காவது இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அவையும் மற்ற சிம்பல்களைப் போல அட்டவணை வழியாகவே வர வேண்டும். இல்லாவிட்டால் கோடுகளுக்குள் சிறிய எழுத்தில் எழுதிய நில் கூட வெறுமைப் பட்டியலாகிவிடும்.

அறிகுறி: கோடுகளுக்குள் எழுதிய பெயரும் பெரிய எழுத்தாகிவிடுகிறது

|ஃபூ| என்று செங்குத்துக் கோடுகளுக்குள் சிறிய எழுத்தில் எழுதியதற்கு (102 111 111) வர வேண்டும்; (70 79 79) வந்தால், ரீடர் டோக்கனை (ஒரு பெயராகவோ எண்ணாகவோ சேரும் எழுத்துத் தொடரை) முழுவதும் சேர்த்து முடித்த பிறகு, ஒட்டுமொத்தமாகப் பெரிய எழுத்தாக்குகிறது என்று பொருள். எந்த எழுத்து கோட்டுக்குள் இருந்தது, எது வெளியே இருந்தது என்ற செய்தி அந்த நேரத்தில் தொலைந்துபோயிருக்கும்.

"டோக்கனில் கோடு இருந்தால் மாற்றாதே" என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது அரைகுறைத் திருத்தம். ஏ|பி|சி என்று மூன்று சிறிய எழுத்துகளை, நடு எழுத்தை மட்டும் கோடுகளுக்குள் இட்டு எழுதிப் பாருங்கள். வர வேண்டியது (65 98 67): முதலும் கடையும் மாறின, நடுவெழுத்து மாறவில்லை. எஸ்கேப் (கோட்டாலோ பின்சாய்கோட்டாலோ எழுத்தை மாற்றத்திலிருந்து காப்பது) என்பது டோக்கனுக்கு உரிய பண்பு என்று கொள்ளும் எந்தத் திருத்தமும் இச்சோதனையில் தோற்கும். அது ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பண்பு.

ஆகவே டோக்கன் சேர்க்கும் இடத்தில் எழுத்துகளுக்கு ஓர் அடுக்கும், அதே நீளத்தில் கொடிகளுக்கு ஓர் அடுக்கும் வையுங்கள். பின்சாய்கோட்டுக்கு அடுத்து வந்த எழுத்துக்கும், கோடுகளுக்கு இடையே வந்த எழுத்துக்கும் கொடி 1, மற்றவற்றுக்கு 0. டோக்கன் முடிந்ததும் கொடி 0 உள்ள எழுத்துகளை மட்டும் ரீட்டேபிளின் கேஸுக்கு ஏற்ப மாற்றுங்கள். இதோடு, "எஸ்கேப் குறி ஒன்றாவது வந்ததா" என்று சொல்லும் தனி மாறி ஒன்றும் வேண்டும். ஏனெனில் || என்று எழுதினால் எழுத்தே இல்லாத பெயருடைய சிம்பல் கிடைக்க வேண்டும், அங்கே கொடி ஏற்ற ஓர் எழுத்துகூட இருக்காது.

இந்தக் கொடி அடுக்கு மேலும் இரண்டு பிழைகளைத் தானாகவே தீர்த்துவைக்கும். |1| என்பதும் 1\2 என்பதும் எண்கள் ஆகா; எஸ்கேப் குறி உள்ள டோக்கன் எப்போதும் சிம்பலே. அதுபோல, கோடுகளுக்குள் வரும் முக்காற்புள்ளி பேக்கேஜைப் பிரிக்கும் குறி ஆகாது. கொடி 0 உள்ள முக்காற்புள்ளியை மட்டுமே பிரிப்பானாகக் கொள்ள வேண்டும். எஸ்கேப் தொடர்பான முறையீடுகள் வெவ்வேறு தலைப்புகளில் வந்தாலும், பெரும்பாலும் இந்த ஓர் அடுக்கு இல்லாத குறைதான் எல்லாவற்றுக்கும் வேர்.

அறிகுறி: பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரு சிம்பல்கள் ஈக்யூ (ஒரே பொருளா என்ற ஒப்பீடு) ஆகவில்லை

பெயரை அட்டவணையில் தேடி, இல்லையெனில் சிம்பலைப் படைக்கும் இன்டர்ன் என்ற ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிங் ஒன்றைக் கொடுத்தால் அது ரீடர் வழியாகப் போவதில்லை. சிறிய எழுத்து ஸ்ட்ரிங் கொடுத்தால் சிறிய எழுத்துச் சிம்பலே பிறக்கும். ஃபைண்ட்-சிம்பலுக்குச் சிறிய எழுத்தில் கார் என்று ஸ்ட்ரிங் தந்தால் நில் வருவதும், ஃபைண்ட்-பேக்கேஜுக்குச் சிறிய எழுத்துப் பெயர் தந்தால் எதுவும் கிடைக்காமல் போவதும் இதனால்தான். இது செயலாக்கத்தின் பிழை அன்று. தரநிலை அப்படித்தான் சொல்கிறது. பயனர்கள் முறையிடுகிறார்கள் என்பதற்காக இன்டர்னுக்குள் பெரிய எழுத்தாக்கம் சேர்த்துவிட்டால், சிறிய எழுத்துப் பெயருள்ள சிம்பலை நிரலால் உருவாக்கவே முடியாமல் போய்விடும்.

டெஃப்பேக்கேஜில் பெயரை ஸ்ட்ரிங்காகத் தருவோர் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். பேக்கேஜின் பெயரைச் சிறிய எழுத்து ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிட்டு, பிறகு முக்காற்புள்ளி போட்டு அதனுள் இருக்கும் சிம்பலை அழைத்தால், ரீடர் பெரிய எழுத்துப் பெயரைத் தேடி, பேக்கேஜ் இல்லை என்று சொல்லும். #:பெயர் என்ற வடிவில் எழுதினால், வரையறையும் பயன்பாடும் ஒரே ரீடர் வழியாகப் போவதால் இந்தச் சிக்கல் எழாது. நிரல் தொகுப்புகளைக் கட்டி ஏற்றும் கருவியான ஏஎஸ்டிஎஃப் மட்டும், சிம்பலாகத் தந்த சிஸ்டம் பெயரைத் தானே சிறிய எழுத்தாக்கிக்கொள்ளும். கோப்புப் பெயர்களோடு பொருத்த வேண்டியிருப்பதால் வைத்த தனி ஏற்பாடு அது, பேக்கேஜ் பெயர்களுக்கு அது பொருந்தாது.

அறிகுறி: *பிரின்ட்-கேஸ்* மாற்றிய பின் மேக்ரோக்கள் உடைகின்றன

பயனர் ஒருவர் வெளியீடு சிறிய எழுத்தில் வரட்டும் என்று *பிரின்ட்-கேஸ்* மதிப்பை :டவுன்கேஸ் ஆக்குகிறார். அச்சிடுவதற்கான அமைப்புதானே என்று நினைத்தால், அடுத்துக் கம்பைல் செய்யும் மேக்ரோ ஒன்று, இல்லாத ஃபங்ஷனை அழைக்கும் நிரலை உருவாக்கித் தருகிறது. காரணம், அந்த மேக்ரோ புதுப் பெயரைக் கட்டும்போது ஃபார்மாட்டில் ~ஏ கொண்டு சிம்பலை ஸ்ட்ரிங்காக்கியதுதான். ~ஏ பிரின்டரின் வழியாகச் செல்கிறது. பிரின்டர் *பிரின்ட்-கேஸ்* சொல்வதைக் கேட்கிறது. விளைவாக (70 79 79) என்ற பெயரிலிருந்து (102 111 111) கிடைத்து, அதுவே இன்டர்னுக்குப் போகிறது.

பெயர்களைக் கட்டும்போது சிம்பல்-நேம் கொண்டு ஸ்ட்ரிங் எடுத்து, கன்காட்டினேட் கொண்டு இணைப்பதே நம்பத்தக்க வழி. ஃபார்மாட் தவிர்க்க முடியாத இடத்தில் வித்-ஸ்டாண்டர்டு-ஐஓ-சின்டாக்ஸ் என்ற மேக்ரோவுக்குள் அதைச் செய்யலாம். ஆனால் அது *பேக்கேஜ்* மாறியையும் மாற்றிவிடும் என்பதால், இன்டர்ன் அழைப்பை அதற்கு வெளியே வையுங்கள், அல்லது பேக்கேஜை வெளிப்படையாகக் கொடுங்கள்.

செயலாக்கம் எழுதுபவருக்கு இங்கே ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. டெஃப்ஸ்ட்ரக்ட் உருவாக்கும் கட்டமைப்பான், அணுகு ஃபங்ஷன்கள் ஆகியவற்றின் பெயர்கள் உங்கள் சொந்த நிரலில் கட்டப்படுகின்றன. மேக்- என்ற முன்னொட்டைச் சிறிய எழுத்து ஸ்ட்ரிங்காக எழுதியிருந்தால், பெயரின் முற்பாதி சிறிய எழுத்தாகவும் பிற்பாதி பெரிய எழுத்தாகவும் அமைந்து, யாராலும் கோடுகள் இல்லாமல் அழைக்க முடியாத ஃபங்ஷன் உருவாகும். கம்பைல் செய்த கோப்பில் சிம்பல்களைச் சேமிக்கும் பகுதியையும் இதே கண்ணோடு பாருங்கள். அங்கே சிம்பலை அச்சிட்டு எழுதி, ஏற்றும்போது ரீடரால் திரும்பப் படிக்கும் ஏற்பாடு இருந்தால், எழுதியவரின் அமைப்பும் ஏற்றுபவரின் அமைப்பும் வேறாகும் நாளில் அது உடையும். பேக்கேஜின் பெயர், சிம்பலின் பெயர் என்ற இரு ஸ்ட்ரிங்குகளாகவே சேமித்து, நேரே இன்டர்ன் செய்ய வேண்டும்.

அறிகுறி: ஒரு கோப்பை ஏற்றிய பிறகு எதுவுமே வேலை செய்யவில்லை

டெஃபன் தெரியாது, செட்க்யூ தெரியாது என்று வரிசையாகப் பிழைகள் வந்தால், ஏற்றிய கோப்பு ரீட்டேபிளின் கேஸை :பிரிசர்வ் என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. லோடும் கம்பைல்-ஃபைலும் *ரீட்டேபிள்* மாறியைப் புதிதாகக் கட்டிவைக்கின்றன என்பது உண்மைதான்; ஆனால் மாறி புதிதே தவிர, அது சுட்டும் ரீட்டேபிள் பழையதுதான். அந்தப் பொருளுக்குள் செட்ஃப் செய்த மாற்றம் கோப்பு முடிந்த பின்னும் நிலைத்திருக்கும்.

உடனடியாக மீள, நடப்பு ரீட்டேபிளின் கேஸை :அப்கேஸ் ஆக்கும் செட்ஃப் கட்டளையை, அதன் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். :பிரிசர்வ் நிலையில் அது மட்டுமே புரியும். நிலையான திருத்தம், கோப்பின் தொடக்கத்தில் காப்பி-ரீட்டேபிள் கொண்டு ஒரு பிரதி எடுத்து, அதை *ரீட்டேபிள்* மாறியில் வைத்து, பிறகு அந்தப் பிரதியில் மாற்றம் செய்வது. இதை இவால்-வென் என்பதற்குள், மூன்று தருணங்களையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் மூலக் கோப்பை நேரே லோட் செய்யும்போது சரியாக இருப்பது, கம்பைல்-ஃபைலில் தவறிப்போகும். கம்பைலர் அந்தக் கட்டளையைப் படிக்கிறதே ஒழிய, அப்போதே இயக்குவதில்லை.

பிரதி எடுத்த பின்னும் கசிவு நின்றபாடில்லை என்றால், அல்லது பிரதியின் கேஸ் :அப்கேஸுக்குத் திரும்பிவிட்டால், உங்கள் காப்பி-ரீட்டேபிளையே சோதியுங்கள். எழுத்து வகை அட்டவணையைப் பிரதி எடுத்துவிட்டு, கேஸ் என்ற ஒற்றைப் புலத்தை மறந்துவிடுவது எளிதில் நேரும் தவறு. மூலமாக நில் கொடுத்தால் மட்டும், தரநிலை ரீட்டேபிளின் பிரதியும் அதன் :அப்கேஸும் வருவது சரியே.

:பிரிசர்வ் முறையை விரும்பிப் பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். லூப் மேக்ரோ தன் சொற்களைச் சிம்பலின் பெயரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. சிறிய எழுத்தில் எழுதிய ஃபார் என்ற சொல் அதற்குப் புரியாது. நிரலின் ஒரு பகுதியைச் சில செயலாக்கங்களில் மட்டும் சேர்க்கும் #+ எழுதிய இடத்தில் அடுத்து வரும் பெயர் கீவேர்டு பேக்கேஜில் படிக்கப்படுகிறது; அதற்கும் ரீட்டேபிளின் கேஸ் பொருந்தும். ஆகவே சிறிய எழுத்தில் எழுதிய எஸ்பிசிஎல் (ஒரு காமன் லிஸ்ப் செயலாக்கம்) என்ற பெயர் *ஃபீச்சர்ஸ்* பட்டியலில் உள்ளதோடு பொருந்தாமல், நிரலின் அப்பகுதி எந்தச் செய்தியும் இன்றி விடுபட்டுப்போகும். மௌனமாக நடப்பதால் இது எல்லாவற்றிலும் கொடியது. கேஸைக் காக்க வேண்டும், அதே நேரம் வழக்கமான நிரலையும் சிறிய எழுத்திலேயே எழுத வேண்டும் என்போருக்கு :இன்வர்ட்தான் ஏற்ற முறை என்பது என் கருத்து. அலெக்ரோ என்ற செயலாக்கத்தின் மாடர்ன் முறையும் சிலிஸ்ப் என்ற செயலாக்கத்தின் மாடர்ன் தேர்வும் தரநிலைச் சிம்பல்களின் பெயர்களையே சிறிய எழுத்தாக வைத்து இதே தேவையைத் தீர்க்கின்றன. ஆனால் கார் என்பதன் பெயர் (67 65 82) என்று எதிர்பார்க்கும் நிரல்கள் அங்கே ஓடாது.

அறிகுறி: :இன்வர்ட் சில பெயர்களைத் திருப்புகிறது, சிலவற்றைத் திருப்பவில்லை

விதி இதுதான்: டோக்கனில் எஸ்கேப் ஆகாத எழுத்துகள் எல்லாம் ஒரே கேஸில் இருந்தால் அவற்றை எதிர் கேஸுக்கு மாற்று, கலந்து இருந்தால் தொடாதே. சிறிய எழுத்தில் எழுதிய ஃபூ (70 79 79) ஆகும். பெரிய எழுத்தில் எழுதியது (102 111 111) ஆகும். முதலெழுத்து மட்டும் பெரியதாக எழுதியது (70 111 111) என்று அப்படியே நிற்கும். கடைசி எழுத்து வரும் வரை முடிவெடுக்க இயலாது என்பதால், எழுத்தைப் படிக்கப் படிக்கவே மாற்றும் ரீடரில் இம்முறையைச் சேர்க்க முடியாது.

ஃபூ-1 போன்ற பெயர்கள் மட்டும் திரும்பவில்லை என்றால், "எல்லா எழுத்தும் சிறியதா" என்ற சோதனையில் சிறுகோடும் எண்ணும் தோற்கின்றன. கேஸ் உடைய எழுத்துகளை மட்டும் எண்ண வேண்டும். போத்-கேஸ்-பி பொய் என்று சொல்லும் எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய எழுத்தைக் கண்டதா, சிறிய எழுத்தைக் கண்டதா என்று இரண்டு மாறிகள் வைத்து, ஒன்று மட்டும் உண்மையானால் திருப்புவது எளிய வழி.

கோடுகள் உள்ள டோக்கன்களில் மட்டும் தவறு என்றால், எஸ்கேப் ஆன எழுத்துகளும் கணக்கில் சேர்ந்துவிட்டன. மூன்று எழுத்துகளில் ஓரங்கள் சிறியவை, கோடுகளுக்குள் இருக்கும் நடுவெழுத்து பெரியது என்று ஃப்|ஓ|ஓ எழுதிப் பாருங்கள். எஸ்கேப் ஆகாத இரண்டும் சிறியவை. அவை மட்டும் திரும்பி (70 79 79) வர வேண்டும். (102 79 111) வந்தால் நடுவெழுத்தைக் கண்டு "கலப்பு" என்று ரீடர் முடிவு செய்திருக்கிறது.

பேக்கேஜ் முன்னொட்டோடு வரும் பெயர்களில் ஒரு நுணுக்கம் உண்டு. தரநிலை டோக்கன் என்றே சொல்கிறது. ஆனால் முன்னொட்டையும் சிம்பல் பெயரையும் சேர்த்து ஒன்றாக எடைபோட்டால், சிறிய எழுத்து முன்னொட்டுக்குப் பின் கலப்புப் பெயர் வந்த உடனே முன்னொட்டும் திரும்பாமல் நின்று, பேக்கேஜ் கிடைக்காமல் போகும். இரு பகுதிகளையும் தனித்தனியே எடைபோடுவதே பயனர் எதிர்பார்ப்பது. நான் அதையே பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் அதற்கென ஒரு சோதனையும் ஆவணத்தில் ஒரு வரியும் இருக்கட்டும்.

அறிகுறி: எழுத்து மாறிலிகளும் எண்களும் கேஸால் கெடுகின்றன

#\ குறிக்குப் பின் சிறிய ஏ எழுதினால் 97 வர வேண்டும். 65 வந்தால், அந்த ரீடர் மேக்ரோ, கேஸ் மாற்றம் முடித்த டோக்கனை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஓரெழுத்து டோக்கனில் எழுதிய கேஸே செல்லும். ஸ்பேஸ், நியூலைன் போன்ற நீண்ட பெயர்களில் கேஸ் பார்க்கக் கூடாது. தரநிலை இதற்கு வழியும் சொல்லியிருக்கிறது: பின்சாய்கோட்டுக்கு ஓர் இடம் பின்வாங்கி அங்கிருந்து டோக்கனைப் படித்தால், முதலெழுத்து எஸ்கேப் ஆனதாகவே வரும்.

எண்களில், 1இ5 என்ற வடிவில் இ என்ற ஆங்கில அடுக்குக்குறி எந்தக் கேஸில் இருந்தாலும், ரீட்டேபிள் எந்த முறையில் இருந்தாலும், அது எண்ணே. *ரீட்-பேஸ்* 16 ஆக இருக்கையில் ஏபிசி என்ற மூன்று எழுத்துகள் இரு கேஸிலும் 2748 ஆக வேண்டும். எண்ணா என்ற சோதனையைக் கேஸ் மாற்றத்துக்கு முன், படித்த எழுத்துகளின் மீதே, இரு கேஸையும் ஏற்கும் விதத்தில் செய்துவிட்டால் இது தீரும். #எக்ஸ் போன்றவற்றில் துணையெழுத்து எந்தக் கேஸில் வந்தாலும் ஒன்றே. பதியும்போதும் தேடும்போதும் அதைப் பெரிய எழுத்தாக்குங்கள்.

அறிகுறி: ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் சிதைகின்றன

தமிழ் எழுத்துகளுக்குக் கேஸ் கிடையாது. ஆகவே தமிழில் பெயரிட்ட சிம்பல் எந்த முறையிலும் மாறாமல் நிற்க வேண்டும். அது சிதைந்தால், சி மொழியின் டூஅப்பர் பைட் பைட்டாக ஓடுகிறது என்று முதலில் சந்தேகியுங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. லத்தீன்-1 லொகேலில் (கணினியின் மொழி, எழுத்து அமைப்பில்) 224 ஒரு சிறிய எழுத்து, அதன் பெரிய எழுத்து 192. எனவே ஒவ்வொரு தமிழ் எழுத்தின் முதல் பைட்டும் 192 ஆகிவிடும். 192 என்பது செல்லத்தக்க யூடிஎஃப்-8 உரையில் எங்குமே வராத பைட். ஒருவர் கணினியில் ஓடி மற்றொருவர் கணினியில் ஓடாத மர்மத்துக்கு லொகேல் வேறுபாடே காரணம். மேலும், சார் வகை குறியுள்ளதாக இருக்கும் இடங்களில் இந்தப் பைட் எதிர்ம எண்ணாக டூஅப்பருக்குள் போவது சி தரநிலைப்படி வரையறையற்ற நடத்தை. பைட்டுகளை எழுத்தெண்களாக்கிய பிறகே கேஸ் மாற்றம் செய்ய வேண்டும்.

ஜாவாவில் எழுதிய செயலாக்கம் துருக்கிய லொகேலில் மட்டும் உடைந்தால், ஸ்ட்ரிங்கின் டூஅப்பர்கேஸ் இயல்பு லொகேலைப் பின்பற்றுகிறது. லிஸ்ட் என்பதன் பெயர் (76 73 83 84) ஆவதற்குப் பதிலாக (76 304 83 84) ஆகும். 304 என்பது மேலே புள்ளியிட்ட துருக்கியப் பெரிய எழுத்து. லொகேல்.ரூட் கொடுத்து அழைப்பதோ, லொகேலைப் பார்க்காத கேரக்டர் வகுப்பின் டூஅப்பர்கேஸை எழுத்து எழுத்தாகப் பயன்படுத்துவதோ இதைத் தீர்க்கும். இரண்டாவது வழியில் இன்னொரு நன்மையும் உண்டு: ஜெர்மானிய 223-ஆம் எழுத்து, ஸ்ட்ரிங் மாற்றத்தில் இரண்டு எழுத்துகளாக விரிந்து, கொடி அடுக்கோடு நீளம் பொருந்தாமல் செய்துவிடும். காமன் லிஸ்பில் கேஸ் இணை ஒன்றுக்கு ஒன்று. அத்தகைய இணை இல்லாத எழுத்தைத் தொடக் கூடாது.

தமிழ்ச் சிம்பல்களில் கேஸ் சாராத ஒரு பிழையும் இதே அறிகுறியோடு வரும். ஒகர உயிர்மெய்க் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்ற இரண்டாகவும் எழுதலாம், பார்வைக்கு ஒன்றே. எழுத்தெண் பட்டியல் இதை உடனே காட்டிக்கொடுக்கும். எஸ்பிசிஎல் ரீடர் சிம்பல் பெயர்களை யூனிகோடு இயல்பாக்கம் செய்து இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அறிகுறி: அச்சிட்டதைத் திரும்பப் படித்தால் வேறு சிம்பல் வருகிறது

ரீடர் சரியாக இருந்தும் இது நடந்தால் பிரின்டரைப் பாருங்கள். பிரின்டர் நடப்பு ரீட்டேபிளின் கேஸைப் பார்த்தே எழுத வேண்டும். :அப்கேஸில், பெயரில் உள்ள பெரிய எழுத்துகள் *பிரின்ட்-கேஸ்* சொல்லும் வடிவில் வரும். சிறிய எழுத்து ஒன்று இருந்தாலும் எஸ்கேப் வேண்டும். :டவுன்கேஸில் இதற்கு நேர்மாறு. :பிரிசர்வில் பெயர் உள்ளபடியே வரும். :இன்வர்டில் ஒரே கேஸ் பெயர் திரும்பியும், கலப்புப் பெயர் உள்ளபடியேயும் வரும். இவ்விரண்டிலும் *பிரின்ட்-கேஸ்* செல்லாது. *பிரின்ட்-கேஸ்* ஒன்றை மட்டும் வைத்து எஸ்கேப் தேவையா என்று முடிவு செய்யும் பிரின்டர்கள் :பிரிசர்வில் தேவையின்றிக் கோடுகளைத் தூவும். :டவுன்கேஸில் தேவையான இடத்தில் விட்டுவிடும். தமிழ்ப் பெயர்களைச் சுற்றிக் கோடுகள் வந்தால், "பெரிய எழுத்து இல்லை" என்பதைச் "சிறிய எழுத்து" என்று பிரின்டர் கொண்டிருக்கிறது.

எண்ணாகத் தோற்றமளிக்கும் பெயர்களும் எஸ்கேப் பெற வேண்டும். (49 69 53) என்ற பெயருள்ள சிம்பலைக் கோடில்லாமல் அச்சிட்டால், திரும்பி வருவது 100000.0.

நான்கு ரீட்டேபிள் கேஸ், மூன்று *பிரின்ட்-கேஸ்* என்று பன்னிரண்டு சேர்க்கைகளிலும் இதைச் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிடுங்கள். முழுதும் பெரியது, முழுதும் சிறியது, கலப்பு, எண்ணும் சிறுகோடும் உள்ளது, எழுத்தே இல்லாதது, முக்காற்புள்ளி உள்ளது, எண் போன்றது, தமிழில் அமைந்தது என்று பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இன்டர்ன் செய்து, *பிரின்ட்-எஸ்கேப்* உண்மையாக வைத்து அச்சிட்டு, அதே அமைப்பில் திரும்பப் படித்து, ஈக்யூ கொண்டு ஒப்பிடுங்கள். பால் டீட்ஸ் உருவாக்கிய அன்சி சோதனைத் தொகுப்பிலும் ரீடருக்கும் பிரின்டருக்குமான சோதனைகள் விரிவாக உள்ளன, அதையும் ஓட்டுங்கள். ஒரு சேர்க்கை தோற்றால், அச்சான உரையின் எழுத்தெண்களையும், திரும்ப வந்த சிம்பல் பெயரின் எழுத்தெண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அச்சான உரை மேலே சொன்ன பிரின்டர் விதிக்கு மாறாக இருந்தால் பிரின்டரைத் திருத்துங்கள். உரை விதிப்படி இருந்தும் பெயர் மாறியிருந்தால் கொடி அடுக்கிலிருந்து தேடத் தொடங்குங்கள்.